கொள்ளுப்பாட்டி பூ வரைந்த கோப்பை எங்கே? மூதாதையர் செய்த ஆங்கிலப் பீங்கானைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"அந்தப் பாட்டி வரைஞ்ச தட்டு இப்ப எங்கம்மா இருக்கு?" என்று என் மகள் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. என் கணவரின் கொள்ளுப்பாட்டி இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரின் லாங்டன் பகுதியில் பீங்கானுக்குப் பூ வரைந்தவர். அந்த ஒரு வரிதான் குடும்பத்தில் மிஞ்சியிருந்தது. அவர் கைபட்ட ஒரு சாஸர்கூட வீட்டில் இல்லை. மகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கிய தேடல் நான்கு ஆண்டுகள் நீண்டது. அதில் நான் கற்றதை, இதே தேடலில் இறங்கும் யாருக்கும் பயன்படும்படி வரிசையாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஸ்டோக்கைச் சார்ந்தவை. ஆங்கிலப் பீங்கானின் தலைநகரம் அதுதான்.

தேடுவதற்கு முன்: 'செய்தவர்' என்றால் யார்?

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் நெய்தவர் பெயர் இருப்பதில்லை. கடையின் பெயர்தான் இருக்கும். பீங்கானும் அப்படியே. ஒரு கோப்பை உருவாகப் பத்துப் பதினைந்து கைகள் தேவை. சக்கரத்தில் வனைபவர், கடைசல் பிடிப்பவர், கைப்பிடி ஒட்டுபவர், 'சாகர்' என்ற மண்பெட்டிக்குள் அடுக்கிச் சூளையில் வைப்பவர், சூளைக்குத் தீ மூட்டிக் காப்பவர், மெருகுக் குழம்பில் முக்குபவர், அச்சுத்தாளை ஒட்டிக் கோலத்தைப் பதிப்பவர், வண்ணம் தீட்டும் பெண்கள், பொன்விளிம்பு போடுபவர், கடைசியில் அந்தப் பொன்னைத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர். இத்தனை பேரில் உங்கள் மூதாதையர் யார் என்பதைப் பொறுத்துத்தான் தேடலின் வழி அமையும்.

அவர் முதலாளியாக இருந்தால் பெயரே முத்திரையில் இருக்கும். உங்கள் வேலையில் பாதி முடிந்தது. புகழ்பெற்ற ஓவியராக இருந்தாலும் வழி உண்டு. ராயல் வொர்ஸ்டர் கம்பெனியில் 20ஆம் நூற்றாண்டில் வேலை பார்த்த ஹாரி டேவிஸ், ஸ்டின்டன் குடும்பத்தார் போன்றோர் தங்கள் பெயரை ஓவியத்திலேயே எழுதினார்கள். பிரான்சின் செவ்ரஸில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒவ்வொரு ஓவியருக்கும் தனிக்குறி உண்டு. எந்தக் குறி யாருடையது என்ற விவரமும் பெருமளவு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வெஜ்வுட் கம்பெனி 1860 முதல் களிமண்ணில் அழுத்திய மூன்றெழுத்துக் குறியில் முதலெழுத்து மாதம், நடுவெழுத்து வனைந்தவர், மூன்றாவது ஆண்டு.

மற்ற எல்லோரும், அதாவது பெரும்பாலோர், பெயரில்லாமல் வேலை செய்தவர்கள். எங்கள் பாட்டியும் அவர்களில் ஒருவர். அவர்கள் விஷயத்தில் பானையிலிருந்து ஆளைத் தேடிப் போகாதீர்கள். ஆளிலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து அந்த ஆண்டுகளுக்கும், ஆண்டுகளிலிருந்து பாத்திரத்துக்கும் போங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து முதல் ஓராண்டை வீணாக்கினேன். ஏலத் தளங்களில் 'லாங்டன்' என்று தேடி, அழகாகத் தெரிந்ததையெல்லாம் பாட்டியுடையதோ என்று ஏங்கி வாங்கினேன்.

முதல் படி: வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது

"பாட்டி எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார்?" என்று கேட்டால் "தெரியாதே" என்ற பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். எந்தத் தெருவில் குடியிருந்தார்? வேலைக்கு நடந்தா போனார்? மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாரா? மணமான பிறகும் போனாரா? கூட வேலை பார்த்தவர்கள் யாராவது வீட்டுக்கு வந்ததுண்டா? என் மாமியாருக்குத் தொழிற்சாலையின் பெயர் நினைவில்லை. ஆனால் தன் பாட்டி மதியம் வீட்டுக்கு வந்து குழந்தைக்குச் சோறூட்டிவிட்டுத் திரும்பிப் போவார் என்று அவருடைய அம்மா சொன்னது நினைவிருந்தது. அப்படியென்றால் தொழிற்சாலை ஐந்து, பத்து நிமிட நடைதூரத்துக்குள்தான் இருந்திருக்க வேண்டும். ஆவணங்களில் எங்கும் கிடைக்காத தடயம் அது.

இன்னொன்று: ஸ்டோக் மக்கள் பீங்கான் தொழிற்சாலையை 'பாட்பேங்க்' என்றே சொல்வார்கள். பழைய கடிதங்களில் "அந்த பேங்கில் வேலை" என்று படித்துவிட்டு வங்கி என்று நினைத்துவிட வேண்டாம்.

பெட்டியடியில் கிடக்கும் காகிதங்களையும் பாருங்கள். தொழில் பழகுநர் ஒப்பந்தம், தொழிற்சாலை வாசலில் எடுத்த குழுப் புகைப்படம், நெடுநாள் பணிக்கான சான்றிதழ், தூரிகைகள். புகைப்படத்தின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அங்கே அச்சாகியிருக்கும்.

இரண்டாம் படி: கணக்கெடுப்பில் ஆளைப் பிடிப்பது

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பெயர் வாரியாகப் பயன்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் பத்தாண்டுக்கொருமுறை கிடைக்கிறது. 1837க்கு முன்னால் போக வேண்டுமானால் தேவாலயப் பதிவேடுகள்தான் துணை.

தொழில் பகுதியில் எழுதியிருப்பதை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். 'சைனா' என்றிருந்தால் பீங்கான். 'எர்தன்வேர்' என்றிருந்தால் ஒளி ஊடுருவாத மட்பாண்டம். 'பெயின்ட்ரஸ்' என்றால் வண்ணம் தீட்டும் பெண். 'கில்டர்' என்றால் பொன்பூச்சு வேலை. 'டிரான்ஸ்ஃபரர்' என்றால் அச்சுத்தாள் ஒட்டும் வேலை. 'பிரெஸ்ஸர்' என்றால் அச்சில் களிமண்ணை அழுத்தி வடிவமைப்பவர். வெறும் 'பாட்டர்' என்று எழுதியிருந்தால் அதிலிருந்து எதையும் ஊகிக்காதீர்கள். கணக்கெடுக்க வந்தவர் சுருக்கி எழுதியிருப்பார்; அடுத்த கணக்கெடுப்பில் முழு விவரம் இருக்கக்கூடும்.

1921 கணக்கெடுப்பில் வேலை கொடுத்த முதலாளியின் பெயரும் வேலை செய்த இடமும் கேட்கப்பட்டன. அதற்கு முந்தையவற்றில் அந்தக் கேள்வியே இல்லை. நூறாண்டு காத்திருந்து 2022 ஜனவரியில்தான் அந்த ஏடுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டிலிருந்து பார்க்கக் கட்டணம். எங்கள் பாட்டியின் தொழிற்சாலை கிடைத்தது அந்தத் தாளில்தான். 1911இல் பதினைந்து வயதில் 'பெயின்ட்ரஸ், சைனா' என்று மட்டும் இருந்தவருக்கு எதிரே, 1921இல் ஒரு கம்பெனியின் பெயர் தெளிவான கையெழுத்தில் இருந்தது. திரையைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை.

1931 கணக்கெடுப்பு ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு. அதில் தொழில் இருக்கும்; முதலாளி பெயர் இராது.

பெண் மூதாதையரைத் தேடுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. திருமணச் சான்றிதழில் மணமகளின் தொழில் கட்டம் பல நேரம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து 'வேலைக்குப் போகவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டோக்கில் மணமான பின்னும், பிள்ளை பெற்ற பின்னும் வண்ணப் பட்டறைக்குப் போன பெண்கள் ஏராளம். கணவர் குடும்பப் பெயரிலும் பிறந்தகத்துப் பெயரிலும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் குழந்தையாக வேலை பார்த்தவர் என்றால் சாமுவேல் ஸ்க்ரைவனின் விசாரணை அறிக்கையைப் பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய 1840களின் தொடக்கத்தில் அரசு அமைத்த ஆணையத்துக்காக, ஸ்டோக் அடங்கிய ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் பீங்கான் வட்டாரத்தை ஆராய்ந்தவர் அவர். எந்தத் தொழிற்சாலை, சிறுவன் பெயர் என்ன, வயது என்ன, எத்தனை மணிக்கு வருகிறான் என்று அவரவர் வாய்மொழியையே பதிந்திருக்கிறார். உங்கள் மூதாதையர் அதில் இல்லாவிட்டாலும் அதே தொழிற்சாலையின் பிள்ளைகள் பேசுவதைக் கேட்கலாம். கண் கலங்காமல் படிக்க முடியாது.

மூன்றாம் படி: தொழிற்சாலையின் ஆயுளை எழுதுவது

பெயர் கிடைத்ததும் ஒரு தாளில் கோடு போட்டு, அந்தக் கம்பெனி எப்போது தொடங்கியது, எப்போது கூட்டாளிகள் மாறினார்கள், எப்போது மூடியது என்று குறியுங்கள். சிறு கம்பெனிகளில் கூட்டாளிகள் அடிக்கடி மாறுவார்கள். மாறும்போதெல்லாம் பெயரும் முத்திரையும் மாறும். நமக்கு அது நல்லதுதான். உங்கள் ஆள் வேலை பார்த்த ஆண்டுகளுக்கு எந்த முத்திரை பொருந்தும் என்பது அதிலிருந்தே தெரியவரும்.

கெல்லி, ஒயிட், பிகட் ஆகியோரின் வணிக விவரக்கொத்துகளில் கம்பெனிகளும் முகவரிகளும் உண்டு. கூட்டு முறிந்ததும் திவாலானதும் 'லண்டன் கெஸட்' இதழில் அறிவிப்பாக வந்திருக்கும். அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் பெரிய அளவுப் பழைய வரைபடங்களில் பல பாட்பேங்க்குகள் பெயருடனே குறிக்கப்பட்டிருக்கும். மாமியார் சொன்ன நடைதூரத்தை நான் சரிபார்த்தது அப்படி ஒரு வரைபடத்தில்தான்.

நான்காம் படி: ஆவணக் காப்பகம்

முதலில் போக வேண்டியது ஹான்லியில் உள்ள ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகர ஆவணக் காப்பகம். 1793இல் தாமஸ் மின்டன் தொடங்கிய மின்டன் கம்பெனியின் ஆவணத் தொகுப்பு ஏலத்தில் சிதறிப்போகாமல் 2015இல் ஆர்ட் ஃபண்ட் அமைப்பின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு அந்த நகரத்துக்கே கிடைத்தது. ஸ்போட் கம்பெனியின் ஆவணங்களும் அங்கே உண்டு. வெஜ்வுட்டின் சேகரிப்பு ஸ்டோக்குக்கு அருகே பார்லஸ்டனில் இருக்கிறது. வொர்ஸ்டர் பீங்கானுக்கு வொர்ஸ்டரில் ராயல் வொர்ஸ்டர் அருங்காட்சியகம்; டெர்பி பீங்கானுக்கு டெர்பி நகர அருங்காட்சியகம்.

போகுமுன் மின்னஞ்சல் எழுதுங்கள். 'என் மூதாதையர் பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று எழுதினால் அவர்களால் உதவ முடியாது. பெயர், தொழில், தொழிற்சாலை, ஆண்டு வரம்பு ஆகிய நான்கையும் கொடுத்து, இரண்டு வகை ஏடுகளைக் குறிப்பாகக் கேளுங்கள். ஒன்று கூலி ஏடு. யார் எத்தனை டஜன் முடித்தார் என்பது அதில் இருக்கும். மற்றொன்று கோல ஏடு. ஒவ்வொரு கோலத்துக்கும் எண் போட்டு, வண்ணத்தில் வரைந்து வைத்த புத்தகம். சில கோல ஏடுகளில் கோலத்தின் பக்கத்திலேயே வரைபவர் பெயரையும் எழுதி வைத்திருப்பார்கள்.

சிறு தொழிற்சாலைகளின் ஏடுகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. எங்கள் பாட்டியின் கம்பெனிக்கும் கூலி ஏடு இல்லை என்று பதில் வந்த அன்று மனம் உடைந்தது. ஆனாலும் தேடல் நிற்க வேண்டியதில்லை. கம்பெனியும் ஆண்டும் கையில் இருந்தால் பாத்திரத்தின் அடிப்பாகம் மீதியைச் சொல்லும்.

ஐந்தாம் படி: பாத்திரத்தைக் கவிழ்த்துப் படிப்பது

பீங்கான் தேடுபவர்கள் விருந்துக்குப் போன வீட்டிலும் தட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். அடியில் இருப்பவை ஒரே வகைக் குறிகள் அல்ல. அவற்றைப் பிரித்துப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதி வித்தை கைவந்துவிடும்.

முதலில் அச்சிட்ட பெரிய முத்திரை. 'இங்கிலாந்து' என்ற சொல் அதில் இருந்தால் பெரும்பாலும் 1891 அல்லது அதற்குப் பிற்பட்டது. அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டப்படி இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டியிருந்தது. 'மேட் இன் இங்கிலாந்து', 'போன் சைனா' என்ற சொற்கள் இருந்தால் பொதுவாக 20ஆம் நூற்றாண்டு. முத்திரையில் 'நிறுவியது 1750' என்பதுபோல் ஓர் ஆண்டு இருந்தால் அது கம்பெனி பிறந்த ஆண்டு. பாத்திரம் செய்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரச சின்னத்தையும் ஸ்டாஃபோர்ட்ஷயர் முடிச்சுச் சின்னத்தையும் பல கம்பெனிகள் போட்டுக்கொண்டன. அவற்றை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. முதலெழுத்துகள் மட்டுமே உள்ள முத்திரையை இன்னும் கவனமாகக் கையாளுங்கள். ஒரே முதலெழுத்துகளை வேறு வேறு கூட்டாளிகள் வேறு வேறு காலத்தில் பயன்படுத்தியிருப்பார்கள்.

அடுத்தது சாய்சதுரக் கட்டம். 1842 முதல் 1883 வரை வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான அடையாளம் இது. உச்சி வட்டத்தில் நான்கைக் குறிக்கும் ரோமன் எண் இருந்தால் மட்பாண்ட வகுப்பு. 1867 வரை ஆண்டெழுத்து அந்த வட்டத்துக்குக் கீழே மேல்மூலையில் இருக்கும். 1868 முதல் வலது மூலைக்கு மாறிவிட்டது. 1884 முதல் கட்டம் போய், ஒன்றிலிருந்து தொடங்கும் பதிவெண் வந்தது. 1900 தொடக்கத்திலேயே அது 3,50,000ஐத் தாண்டியிருந்தது. இந்த ஏடுகள் கியூவில் 'பி.டி.' வரிசையில் உள்ளன. சாய்சதுரக் காலத்துக்கு 43, 44. 1884 முதல் 1908 வரையிலான எண்களுக்கு 50, 51. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் வரிசையில் வடிவத்தின் படமும், அடுத்ததில் பதிவு செய்தவர் பெயரும் இருக்கும். கட்டமும் எண்ணும் சொல்வது வடிவமைப்பு பதிவான நாளை மட்டுமே. அதே வடிவத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் செய்திருக்கலாம்.

மூன்றாவது, ஆண்டுக்குறி. மின்டன் 1842 முதல் 1942 வரை களிமண்ணில் ஆண்டுக்கொரு சிறு சின்னம் அழுத்தியது. ராயல் வொர்ஸ்டர் 1891 முத்திரைக்குப் பிறகு அச்சிட்ட முத்திரையோடு ஆண்டுக்கொரு புள்ளியாகச் சில காலம் சேர்த்துக்கொண்டே போனது. களிமண்ணில் அழுத்திய குறி, வண்ணம் ஏறாத பாத்திரம் உருவான ஆண்டைத்தான் சொல்கிறது. வண்ணம் சில காலம் கழித்தும் ஏறியிருக்கலாம்.

நான்காவது, தூரிகையால் எழுதிய கோல எண். கோல ஏடு எங்காவது மிஞ்சியிருந்தால் இந்த எண்தான் சாவி.

ஐந்தாவதைத்தான் நாம் உயிரைக் கொடுத்துத் தேடுகிறோம். கோல எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி, ஒரு கோடு, ஓர் எழுத்து, ஓர் எண். வண்ணம் தீட்டியவரோ பொன்விளிம்பு போட்டவரோ இட்ட அடையாளம். டஜன் கணக்கில் கூலி என்பதால் யாருடைய வேலை எது என்று தெரிய வேண்டுமே. வெறும் கறை என்று நினைத்து யாரும் பார்க்காத அந்தப் பச்சைப் புள்ளி, நூறாண்டுக்கு முன்னால் ஒரு பெண் தன் கூலிக்காக வைத்த கையொப்பம். எந்தக் குறி யாருடையது என்ற பட்டியல் சிறு தொழிற்சாலைகளில் மிஞ்சியிருப்பது மிக அரிது. ஆனாலும் ஒரே கம்பெனியின் பல பாத்திரங்களில் குறிகளைப் படமெடுத்துச் சேர்த்தால், இந்தக் குறியுள்ளவர் எப்போதும் இப்படித்தான் இதழ் போடுகிறார் என்று கை பிடிபடும்.

ஆறாம் படி: எங்கே தேடுவது, எப்படி வாங்குவது

முதலில் அருங்காட்சியகங்கள். ஹான்லியில் பாட்டரீஸ் அருங்காட்சியகம், லண்டனில் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பீங்கான் கூடங்கள். சேகரிப்புப் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் அருங்காட்சியகத்துக்கு எப்படியாவது ஒருமுறை போய்விடுங்கள். புட்டி வடிவச் சூளைகள் நிற்கும் முழுப் பாட்பேங்க் அது. ஒரு காலத்தில் ஸ்டோக்கில் சுமார் 2,000 சூளைகள் இருந்தன. இப்போது ஐம்பதுகூட இல்லை. சூளைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது என் மகள் வாயே திறக்கவில்லை.

பிறகு ஏலத் தளங்கள். கம்பெனியின் பெயர், முத்திரையின் முதலெழுத்துகள், கோல எண் மூன்றையும் தனித்தனியாகச் சேமித்து வைத்தால் புதிய பொருள் வரும்போது தகவல் வரும். விற்பவர்கள் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதுவார்கள். தப்பான எழுத்துக்கூட்டலையும் சேர்த்துத் தேடுங்கள். அடிப்பாகத்தின் படம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். விவரத்தில் 'ஏ.எஃப்.' என்றிருந்தால் விரிசலோ உடைசலோ உண்டு, இருந்தபடியே விற்கிறோம் என்று பொருள்.

பழைய தேநீர்க் கோப்பைகளுக்கு இன்று சந்தையில் பெரிய விலை இல்லை. சேகரிப்பவருக்கு அது குறை, நமக்கு வரம். விரிசல் விட்டது என்று யாரும் தொடாத சாஸரிலும் உங்கள் பாட்டியின் தூரிகைத் தடம் இருக்கலாம். 'உங்கள் முன்னோர் செய்தது' என்று கதை சொல்லி விலை ஏற்றுபவரிடம் மட்டும் வாங்காதீர்கள். கதையை அவருக்குச் சொன்னதே நீங்களாக இருக்கும். நான் அப்படி ஒருமுறை ஏமாந்தேன்.

ஏழாம் படி: உண்மைதானா என்று பார்ப்பது

விளக்குக்கு எதிரே பிடித்து, பின்னால் விரலை அசைத்துப் பாருங்கள். எலும்புச் சாம்பல் ஏறக்குறைய பாதி கலந்த போன் சைனாவில் நிழல் தெரியும். மட்பாண்டத்தில் தெரியாது. 'சைனா' தொழிலாளி என்று ஆவணம் சொல்லும்போது கையில் இருப்பது மட்பாண்டமானால் எங்கோ தவறு. புற ஊதா விளக்கு வைத்திருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பிற்காலத்தில் ஒட்டி வண்ணம் பூசிய இடம் பெரும்பாலும் தனி நிறத்தில் ஒளிரும்.

புகழ்பெற்ற பெயரானால் போலியும் உண்டு. லண்டன் செல்சி தொழிற்சாலையின் நங்கூரக் குறியும் ஜெர்மனியின் மைசன் தொழிற்சாலையின் வாள் குறியும் எண்ணற்ற முறை நகலெடுக்கப்பட்டவை. லாங்டனின் சிறு கம்பெனியை யாரும் போலி செய்வதில்லை. அங்கே குழப்பம் வேறு மாதிரி: வெள்ளைப் பாத்திரத்தை வாங்கி வெளியே வண்ணம் தீட்டி விற்ற பட்டறைகளும் உண்டு. அடியில் உள்ள கம்பெனிப் பெயர் வனைந்த இடத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

கிடைத்ததைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். பொன்னும் மேல்வண்ணமும் உரிந்துவிடும். பழைய வண்ணங்களிலும் மெருகிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் புளிப்பான எதையும் ஊற்றிச் சாப்பிடவும் வேண்டாம்.

எட்டாம் படி: சீட்டு எழுதுவது

கிடைத்த பொருளோடு ஒரு சீட்டு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அதை வெறும் கோப்பை என்று தள்ளிவிடும். அல்லது இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்லும். சீட்டில் மூன்று நிலைகளைப் பிரித்து எழுதுங்கள். அவரே செய்தார் என்பதற்குக் கையொப்பமோ ஏடோ இருந்தால் 'செய்தவர்'. அவர் அங்கே இருந்த ஆண்டுகளில், அவர் செய்த வகை வேலை என்றால் 'செய்திருக்கக்கூடியவர்'. அதே கம்பெனி, ஆனால் ஆண்டு உறுதியில்லை என்றால் 'அவர் வேலை பார்த்த பட்டறை'. எந்த ஆவணத்தை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் தேதியையும் பென்சிலால் அடியில் எழுதுங்கள். சீட்டைப் பாத்திரத்தில் ஒட்டக் கூடாது. உள்ளே வைத்தால் போதும்.

எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது ஒரு கோப்பையும் சாஸரும் இருக்கின்றன. விளிம்பில் நீலச் சிறுபூக்கள், அடியில் கம்பெனியின் 1920களின் முத்திரை, கோல எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை வண்ணத்தில் ஒரு சிறு கோடு. சீட்டை எழுதியது மகள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. 'அப்பாவின் கொள்ளுப்பாட்டி செய்திருக்கக்கூடியது. 1921 கணக்கெடுப்பில் இந்தக் கம்பெனியில் பெயின்ட்ரஸ். பச்சைக் கோடு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.' 'இன்னும்' என்ற சொல்லை அவளே பிறகு இடையில் சேர்த்தாள்.